ஓய்வுக்காலக் கணக்கில் வரம்பு மீறிப் போட்ட பணம்: அமெரிக்க வரித் தாக்கலில் அதைச் சரிசெய்வது எப்படி?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒருவர் தம் ரோத் ஐ.ஆர்.ஏ. கணக்கில் வரம்புக்கு மேல் பணம் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நண்பர்களிடம் கேட்டால் ஒருவர் "உடனே எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்" என்பார். இன்னொருவர் "6 விழுக்காடு அபராதம் கட்டினால் முடிந்தது" என்பார். மூன்றாமவர் "எடுத்தால் 10 விழுக்காடு போய்விடும், அப்படியே விட்டுவிடுங்கள்" என்பார். மூன்றும் அரைகுறையான யோசனைகள்தாம். மூன்றாவதை நம்பியவர் ஆண்டுதோறும் பணம் இழப்பார். உரிய காலத்துக்குள் உரிய முறையில் செய்தால் இந்தத் தவறைத் திருத்த ஆகும் செலவு மிகக் குறைவு, பல நேரங்களில் ஒன்றுமே இல்லை. அந்த "உரிய முறை" என்ன என்பதை முதன்முறையாகப் படிப்பவருக்கும் புரியும்படி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். வேறாகச் சொல்லாத இடங்களில் 2025ஆம் வரி ஆண்டின் எண்களையே எடுத்துக்கொள்கிறேன்.

எந்தக் கணக்கு, எவ்வளவு வரம்பு

ஐ.ஆர்.ஏ. என்பது வேலை கொடுப்பவரின் தலையீடு இல்லாமல், தனிமனிதர் தம் பெயரில் தாமே தொடங்கிக்கொள்ளும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு. இதில் இரண்டு வகைகள் முக்கியமானவை. டிரெடிஷனல் ஐ.ஆர்.ஏ.யில் போடும் பணத்துக்கு, தகுதி இருந்தால், இந்த ஆண்டு வரிவிலக்கு கிடைக்கும். பின்னாளில் எடுக்கும்போது வரி கட்ட வேண்டும். ரோத் ஐ.ஆர்.ஏ.யில் வரி கட்டி முடித்த பணத்தைப் போடுகிறோம். விதிகளுக்கு உட்பட்டு ஓய்வுக்காலத்தில் எடுக்கும்போது அசலுக்கும் வளர்ச்சிக்கும் வரி கிடையாது.

இவ்வளவு பெரிய சலுகையை அளவில்லாமல் கொடுக்க எந்த அரசும் முன்வராது. ஆகவே இரண்டு வகைக் கணக்குகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 7,000 டாலர், 50 வயதைத் தொட்டவர்களுக்கு 8,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 2026ஆம் ஆண்டுக்கு இது 7,500 டாலராகவும், 50 வயதைத் தொட்டவர்களுக்கு 8,600 டாலராகவும் உயர்ந்திருக்கிறது. அந்த ஆண்டில் உழைத்து ஈட்டிய வருமானம் இதைவிடக் குறைவாக இருந்தால் அந்த வருமானமே வரம்பு.

ரோத் கணக்குக்கு இதற்கு மேலும் ஒரு வரம்பு உண்டு, அது வருமான வரம்பு. இதற்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வருமானத்தை எம்.ஏ.ஜி.ஐ. என்கிறார்கள். வரிப் படிவத்தில் வரும் சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் சில தொகைகளைக் கூட்டியும் கழித்தும் கிடைக்கும் எண் அது. தனிநபராகத் தாக்கல் செய்பவருக்கு இந்த எண் 150,000 டாலரைத் தாண்டியதும் ரோத்தில் போடக்கூடிய தொகை குறையத் தொடங்கி, 165,000 டாலரில் பூஜ்யமாகிவிடும். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் அதே சரிவு 236,000 டாலரில் தொடங்கி 246,000 டாலரில் முடிகிறது. தனிநபர் ஒருவரின் எம்.ஏ.ஜி.ஐ. 157,500 டாலர் என்றால் அவர் சரிவின் நடுவில் இருக்கிறார். 7,000 டாலரில் பாதியான 3,500 டாலரை மட்டுமே அவர் ரோத்தில் போடலாம்.

இந்த வரம்புகளில் எதையாவது தாண்டிப் போன தொகைக்கு மிகைப் பங்களிப்பு என்று பெயர்.

தவறு எங்கிருந்து வருகிறது

இந்தத் தவறு கவனக்குறைவானவர்களுக்கு மட்டுமே நேர்வதாக நினைப்பது நியாயமில்லை. ரோத் கணக்கில் ஜனவரியிலேயே பணம் போடலாம். ஆனால் அந்த ஆண்டின் வருமானம் எவ்வளவு என்பது டிசம்பர் முடிந்த பிறகே தெரியும். நடுவில் ஊதிய உயர்வு வரலாம், நிறுவனப் பங்குகள் கைக்கு வரலாம், வைத்திருந்த பங்குகளை விற்றதில் இலாபம் வரலாம். பணத்தைப் பெற்றுக்கொள்ளும் நிதி நிறுவனம் உங்கள் வருமானத்தைக் கேட்பதில்லை, கேட்க வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. எவ்வளவு வந்தது என்பதை 5498 என்ற படிவத்தில் எழுதி வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு அனுப்புவதோடு அதன் பொறுப்பு முடிந்துவிடுகிறது.

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இன்னும் சில பள்ளங்கள் உண்டு. ஊரில் என்.ஆர்.இ. என்ற வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கில் வைத்திருக்கும் வைப்புநிதியின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அதனால் அதை அமெரிக்கப் படிவத்திலும் காட்ட வேண்டியதில்லை என்று பலர் நம்புகிறார்கள். வரி நோக்கில் அமெரிக்கக் குடியிருப்பாளராக இருப்பவர் உலகில் எங்கு ஈட்டிய வருமானத்தையும் காட்ட வேண்டும். அந்த வட்டியைச் சேர்த்ததும் எம்.ஏ.ஜி.ஐ. வரம்பைத் தாண்டிவிடுகிறது.

திருமணமான ஆண்டு இதைவிடச் சிக்கலானது. ஊருக்குப் போய்த் திருமணம் செய்து, சில வாரம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு, விசா வரும்வரை மனைவியையோ கணவரையோ அங்கேயே விட்டுத் திரும்புகிறவர்கள் பலர். டிசம்பர் 31 அன்று அவர் திருமணமானவர். அவர் தனியாகத் தாக்கல் செய்யும் திருமணமானவர் என்ற நிலையைத் தேர்ந்தால், ஆண்டின் எந்தப் பகுதியிலாவது துணையுடன் சேர்ந்து வாழ்ந்திருக்கும் பட்சத்தில், ரோத் வரம்பு 10,000 டாலர் வருமானத்திலேயே பூஜ்யமாகிவிடுகிறது. 90,000 டாலர் ஊதியம் வாங்கும் ஒருவர் 7,000 டாலர் போட்டிருந்தால் அத்தனையும் மிகைப் பங்களிப்பு. துணைவரையும் அமெரிக்கக் குடியிருப்பாளராகக் கருதும்படி தேர்வு செய்து இருவரும் சேர்ந்து தாக்கல் செய்தால் இந்தச் சிக்கலே எழாது. தனியாகத் தாக்கல் செய்துவிட்டாலும் மூன்று ஆண்டுகளுக்குள் சேர்ந்த தாக்கலாகத் திருத்திக்கொள்ள முடியும் என்பது பலருக்குத் தெரியாத வழி. ஆனால் அப்படிச் செய்தால் துணைவரின் இந்திய வருமானமும் கணக்கில் வந்துவிடும் என்பதை எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கு உரிய எச்-4 விசாவில் இருந்து, வேலை அனுமதி இல்லாத துணைவர் ஐ.ஆர்.ஏ. தொடங்கவே கூடாது என்று சொல்வதும் தவறு. சேர்ந்து தாக்கல் செய்யும்போது ஒருவரின் ஊதியத்தைக் காட்டி மற்றவரின் கணக்கிலும் பணம் போடச் சட்டம் இடம் தருகிறது. தனித்தனியாகத் தாக்கல் செய்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

6 விழுக்காடு என்பது என்ன

இங்கேதான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். ஒரு கல்யாண மண்டபத்தை எண்ணிப் பாருங்கள். குறித்த நேரத்துக்குள் பாத்திரம் பண்டங்களை எடுத்துக்கொண்டு காலி செய்துவிட்டால் கூடுதல் வாடகை இல்லை. நேரம் கடந்தும் நம் சாமான்கள் அங்கேயே கிடந்தால், கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். அந்த வாடகையைக் கட்டிவிட்டதால் சாமான்கள் தாமாக வீடு வந்து சேர்வதில்லை. மறுநாளும் அங்கேயே இருந்தால் மறுநாளும் வாடகை உண்டு.

மிகைப் பங்களிப்பின் மீதான வரி இப்படித்தான் இயங்குகிறது. மிகைத் தொகை டிசம்பர் 31 அன்று கணக்கில் கிடந்தால் அந்த ஆண்டுக்கு அதில் 6 விழுக்காடு வரி. அடுத்த டிசம்பர் 31 அன்றும் கிடந்தால் மறுபடியும் 6 விழுக்காடு. 7,000 டாலர் மிகைக்கு ஆண்டுக்கு 420 டாலர். மூன்று ஆண்டு கவனிக்காமல் விட்டால் 1,260 டாலர். ஆண்டு முடிவில் ஐ.ஆர்.ஏ. கணக்குகளில் உள்ள மொத்த மதிப்பின் 6 விழுக்காட்டுக்கு மேல் இந்த வரி போகாது என்பது மட்டுமே இதற்குள்ள கட்டுப்பாடு. இதைக் கணக்கிட்டுக் காட்டும் படிவத்தின் எண் 5329.

ஆகவே 6 விழுக்காட்டைக் கட்டுவது தவறைத் திருத்துவது ஆகாது. அது தவறு தொடர்ந்து இருப்பதற்கான கட்டணம். மிகைத் தொகையைக் கணக்கிலிருந்து அகற்றுவதோ, அதைச் சட்டப்படி வேறொன்றாக மாற்றுவதோதான் திருத்தம்.

நேரம் எப்போது முடிகிறது

மண்டபத்தைக் காலி செய்யும் நேரம் போல இதற்கும் ஒரு நேரம் இருக்கிறது: அந்த ஆண்டின் வரித் தாக்கலுக்கான கடைசி நாள். நீட்டிப்பு வாங்கியிருந்தால் அந்த நீட்டிப்பும் சேரும். 2025ஆம் ஆண்டுக்கான பங்களிப்பு என்றால் 2026 ஏப்ரல் 15. நீட்டிப்புடன் 2026 அக்டோபர் 15. இதற்குள் திருத்திவிட்டால் அந்தப் பணம் கணக்கில் போடப்படவே இல்லை என்று சட்டம் கருதிக்கொள்ளும். டிசம்பர் 31 அன்று அது கணக்கில் இருந்திருந்தாலும் 6 விழுக்காடு கிடையாது.

நீட்டிப்பு வாங்காமல் ஏப்ரலிலேயே தாக்கல் செய்துவிட்டவர்களும் கவலைப்பட வேண்டியதில்லை. உரிய நாளுக்குள் தாக்கல் செய்திருந்தால் அவர்களுக்கும் அக்டோபர் 15 வரை அவகாசம் உண்டு. பணத்தைத் திருத்திய பிறகு 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தை அனுப்பி, அதன் உச்சியில் 301.9100-2 என்ற விதியின்படி தாக்கல் செய்வதாகக் குறிக்கும் ஆங்கில வாசகத்தை எழுத வேண்டும். மே மாதத்தில் தவறைக் கண்டுபிடித்து, "ஏப்ரல் போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று ஒருவர் கைவிடுவதைப் போல் வருத்தம் தருவது வேறில்லை, ஏனெனில் அவர் கையில் இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: வரம்பைத் தாண்டிய தொகை மிகைப் பங்களிப்பு, அது ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் 6 விழுக்காடு வரியை இழுக்கும், தாக்கலின் கடைசி நாளுக்குள், பெரும்பாலோருக்கு அக்டோபர் 15க்குள், திருத்தினால் அந்த வரி இல்லை. திருத்துவதற்கு அந்தக் காலத்துக்குள் இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி: பணத்தை அதன் வளர்ச்சியுடன் வெளியே எடுத்தல்

மிகைத் தொகையை மட்டும் எடுத்தால் போதாது, அது கணக்கில் இருந்த காலத்தில் ஈட்டிய நிகர வருமானத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். இதை எப்படிக் கணிப்பது என்பதில் ஒரு பொதுவான தவறு நடக்கிறது. "நான் அந்த 7,000 டாலரில் இன்ன பங்கை வாங்கினேன், அது இவ்வளவு ஏறியது" என்று பார்க்கக்கூடாது. அந்தக் கணக்கு முழுவதும் எவ்வளவு வளர்ந்தது என்று பார்த்து, அதில் மிகைத் தொகையின் பங்கை எடுக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. தனிநபராகத் தாக்கல் செய்யும் ஒருவர் 2025 பிப்ரவரியில் ரோத் கணக்கில் 7,000 டாலர் போட்டார். அப்போது அதில் ஏற்கெனவே 21,000 டாலர் இருந்தது. ஆகத் தொடக்க மதிப்பு 28,000 டாலர். ஆண்டு முடிவில் அவருடைய எம்.ஏ.ஜி.ஐ. 172,000 டாலர் என்று தெரிகிறது. ஆகவே 7,000 டாலர் முழுவதும் மிகை. 2026 மார்ச்சில் அதை எடுக்கப் போகும்போது கணக்கின் மதிப்பு 30,800 டாலர். வளர்ச்சி 2,800 டாலர், அதாவது 10 விழுக்காடு. 7,000 டாலருக்கு அதன் பங்கு 700 டாலர். அவர் எடுக்க வேண்டியது 7,700 டாலர்.

அந்த 7,000 டாலர் ஏற்கெனவே வரி கட்டிய பணம், அதற்கு மறுபடியும் வரி இல்லை. 700 டாலர் மட்டும் வருமானம். அது எந்த ஆண்டின் வருமானம்? கணக்கில் பணம் போட்ட ஆண்டின் வருமானம், இங்கே 2025. அவர் 24 விழுக்காட்டு வரிப்படியில் இருப்பதால் மத்திய வரி 168 டாலர். 59½ வயதுக்கு முன் எடுத்தால் வரும் 10 விழுக்காட்டு அபராதம் இந்த 700 டாலருக்கு முன்பு இருந்தது. 2022 டிசம்பர் 29 அன்று சட்டமான செக்யூர் 2.0 அதை நீக்கிவிட்டது. "எடுத்தால் 10 விழுக்காடு போய்விடும்" என்பது அந்தப் பழைய விதியின் மிச்சம்.

கணக்கு வளராமல் சரிந்திருந்தால் எடுக்க வேண்டிய தொகையும் குறையும். மேற்கண்ட கணக்கு 10 விழுக்காடு வீழ்ந்திருந்தால் 6,300 டாலர் எடுத்தால் போதும், 7,000 டாலர் எடுக்க வேண்டியதில்லை. அந்த 700 டாலர் நட்டத்தை வருமானத்தில் கழித்துக்கொள்ள மட்டும் முடியாது.

இந்த வழியில் எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது ஒரு சிறு கட்டம். நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் பணம் எடுக்கும் பக்கத்துக்குப் போனால், முதலில் கண்ணில் படுவது சாதாரண முறையில் எடுப்பதற்கான பொத்தான்தான். அதை அழுத்தி 7,700 டாலரை எடுத்தால் வங்கிக்குப் பணம் வந்துவிடும், ஆனால் உரிய காலத்துக்குள் மிகைப் பங்களிப்பு திருத்தப்பட்டதாக ஆகாது. அது வெறும் சாதாரணப் பணமெடுப்பாகவே பதிவாகும். மிகைப் பங்களிப்பை அகற்றுவதற்கென்று தனி விண்ணப்பம் இருக்கிறது. எந்த வரி ஆண்டுக்கான பங்களிப்பு, எந்த நாளில் போடப்பட்டது, எவ்வளவு தொகை என்று அது கேட்கும். ஈட்டிய நிகர வருமானத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் தாமே கணித்துத் தரும். ஒரே தொகை, ஒரே கணக்கு, ஒரே நாள்; ஆனால் எந்தப் பெயரில் வெளியே வந்தது என்பதைப் பொறுத்து வரித்துறையின் கண்ணில் அது வேறு வேறாகிவிடுகிறது. இணையதளத்தில் அந்த விண்ணப்பம் தென்படவில்லை என்றால் தொலைபேசியில் அழைத்து, மிகைப் பங்களிப்பை அகற்ற வேண்டும் என்று அதே பெயரைச் சொல்லிக் கேட்பதே நல்லது.

இரண்டாவது வழி: கணக்கின் வகையை மாற்றுதல்

ரீகேரக்டரைசேஷன் என்பது, ரோத் ஐ.ஆர்.ஏ.யில் போட்ட பணத்தை முதலிலேயே டிரெடிஷனல் ஐ.ஆர்.ஏ.யில் போட்டதாகக் கருதும்படி மாற்றிக்கொள்வது. டிரெடிஷனல் கணக்கில் பணம் போட வருமான வரம்பு கிடையாது. வரிவிலக்கு கிடைக்குமா என்பதற்குத்தான் வரம்பு. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 7,000 டாலரும் அதன் 700 டாலர் வளர்ச்சியும் நிதி நிறுவனம் வழியாக நேரடியாக டிரெடிஷனல் கணக்குக்கு நகரும். பணம் கைக்கு வராததால் 700 டாலருக்கு இப்போது வரி இல்லை. ஓய்வுக்காலச் சேமிப்பும் கலையாமல் இருக்கும். காலக்கெடு முதல் வழிக்குள்ளதே.

இப்படி மாற்றிய 7,000 டாலருக்கு வரிவிலக்கு கிடைக்காதவர்கள் 8606 என்ற படிவத்தைக் கட்டாயம் இணைக்க வேண்டும். இது ஏற்கெனவே வரி கட்டிய பணம் என்று பதிவு செய்வது அந்தப் படிவம்தான். அதை விட்டுவிட்டால், இருபது முப்பது ஆண்டு கழித்து அந்தப் பணத்தை எடுக்கும்போது அதற்கு மறுபடியும் வரி கட்ட நேரும். இந்தப் படிவத்தின் நகலை அந்தக் கணக்கு இருக்கும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இந்த வழி எல்லாத் தவறுகளுக்கும் மருந்தாகாது. ரோத்தின் வருமான வரம்பைத் தாண்டியவர்களுக்கே இது பொருந்தும். 7,000 டாலர் உச்சவரம்புக்கு மேல் 9,000 டாலர் போட்டவருக்கும், உழைத்து ஈட்டிய வருமானமே இல்லாதவருக்கும் டிரெடிஷனல் கணக்கிலும் அதே சுவர்தான் நிற்கும். அவர்கள் பணத்தை வெளியே எடுத்தாக வேண்டும். டிரெடிஷனலில் இருந்து ரோத்துக்கு மாற்றும் கன்வர்ஷன் என்பது வேறொரு செயல்; 2018 முதல் அதைத் திருப்பிக்கொள்ள முடியாது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் "இப்போது ரீகேரக்டரைசேஷனே கிடையாது" என்ற தவறான செய்தி இன்னும் உலவுகிறது. பங்களிப்பை வகைமாற்றம் செய்வது இன்றும் முழுமையாக அனுமதிக்கப்பட்டதே.

காலம் கடந்த பிறகு

அக்டோபர் 15ஐயும் தாண்டிவிட்டால் கடந்த ஆண்டுகளின் 6 விழுக்காட்டைத் தவிர்க்க வழியில்லை. இனி ஏறாமல் நிறுத்தத்தான் முடியும். 2023ஆம் ஆண்டுக்கு 6,500 டாலரை முழு மிகையாகப் போட்ட ஒருவர், அடுத்த ஆண்டுகளிலும் தகுதி இல்லாத நிலையில், அதை 2026 ஆகஸ்டில் கண்டுபிடிக்கிறார் என்போம். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுக்கும் தலா 390 டாலர், மொத்தம் 1,170 டாலர் கட்ட வேண்டும். அந்தந்த ஆண்டுக்குரிய 5329 படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும்.

பிறகு மிகையை அகற்ற இரண்டு வாய்ப்புகள். 2026 டிசம்பர் 31க்குள் 6,500 டாலரை எடுத்துவிட்டால் 2026க்கு வரி இல்லை. காலக்கெடுவுக்குப் பின் எடுக்கும்போது வளர்ச்சியைச் சேர்த்து எடுக்க வேண்டியதில்லை. அது ரோத் கணக்கிலேயே இருக்கலாம். இங்கே மாதக் கணக்கில் தள்ளிப்போடுவது பெரிதல்ல, ஆனால் ஜனவரி 2 அன்று எடுத்தால் ஒரு நாள், இரண்டு நாள் தாமதத்துக்காக முழு ஆண்டின் 6 விழுக்காடும் விழுந்துவிடும்.

மற்றொன்று, வருமானம் குறைந்து தகுதி திரும்பிய ஆண்டில் புதிதாகப் பணம் போடாமல், பழைய மிகையை அந்த ஆண்டின் பங்களிப்பாக எடுத்துக்கொள்வது. 2026இல் அவருக்கு 7,500 டாலர் முழு வரம்பும் இருந்து, அவர் வேறெதுவும் போடாவிட்டால், அந்த 6,500 டாலர் 2026இன் வரம்புக்குள் கரைந்துவிடும். பணத்தை நகர்த்த வேண்டியதே இல்லை, 5329 படிவத்தில் காட்டினால் போதும். வேலையை விட்டுப் படிக்கப் போகிறவர்களுக்கும், துணைவரின் வருகையால் சேர்ந்து தாக்கல் செய்யத் தொடங்குகிறவர்களுக்கும் இது நல்ல வழி.

வரிப் படிவத்தில் எங்கே எழுதுவது

முதல் வழியைத் தேர்ந்தவர்களைக் குழப்புவது ஒரு காலப் பிசகு. 2026 மார்ச்சில் எடுத்த பணத்துக்கான 1099-ஆர் என்ற அறிக்கை 2027 ஜனவரியில்தான் வரும். ஆனால் 700 டாலர் வருமானத்தை 2025ஆம் ஆண்டுப் படிவத்தில் காட்ட வேண்டும். அறிக்கைக்காகக் காத்திருந்தால் தாக்கல் காலம் போய்விடும். ஆகவே நிதி நிறுவனம் கணித்துக் கொடுத்த எண்ணை வைத்துக்கொண்டு, 2025ஆம் ஆண்டின் 1040 படிவத்தில், ஐ.ஆர்.ஏ.யில் இருந்து எடுத்தவற்றுக்கான 4ஏ (4a) என்ற இடத்தில் 7,700 என்றும், வரிக்குரிய தொகைக்கான 4பி (4b) என்ற இடத்தில் 700 என்றும் எழுதி, நடந்ததை விளக்கும் சிறு குறிப்பை இணைக்க வேண்டும்.

2027 ஜனவரியில் வரும் 1099-ஆரின் ஏழாவது கட்டத்தில் பி (P), ஜே (J) என்ற இரண்டு எழுத்துகள் இருக்க வேண்டும். பி என்றால் முந்தைய ஆண்டில் வரிக்குரியது, ஜே என்றால் ரோத்திலிருந்து வந்தது. அதே ஆண்டுக்குள் போட்டு எடுத்திருந்தால் பிக்குப் பதில் 8 இருக்கும். வகைமாற்றம் செய்தவர்களுக்கு, அதே ஆண்டில் என்றால் என், அடுத்த ஆண்டில் என்றால் ஆர். அந்தக் கட்டத்தில் ஜே மட்டும் தனியாக நின்றால், நிறுவனம் அதைச் சாதாரணப் பணமெடுப்பாகப் பதிவு செய்திருக்கிறது என்று பொருள். உடனே அழைத்துத் திருத்திய அறிக்கை கேட்க வேண்டும். வரித்துறைக்குப் போவதும் அதே எழுத்துகள்தான்.

401(கே) வேறு விதி

நிறுவனத்தின் வழியாகச் சேமிக்கும் 401(கே) திட்டத்துக்கு மேலே சொன்னவை பொருந்தாது. இங்கே ஊதியத்திலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்ளக்கூடிய உச்சவரம்பு 2025இல் 23,500 டாலர், 50 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு. நிறுவனம் தன் பங்காகப் போடும் தொகை இதில் சேராது. இந்த வரம்பு ஆளுக்கானது, நிறுவனத்துக்கானது அன்று. ஆண்டின் நடுவில் வேலை மாறியவரின் புதிய நிறுவனத்துக்குப் பழைய நிறுவனத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்பது தெரியாது. ஜூலை வரை 14,000 டாலர், பிறகு புதிய இடத்தில் 13,500 டாலர் என்றால் மொத்தம் 27,500 டாலர். மிகை 4,000 டாலர். இரண்டு நிறுவனங்களும் தரும் டபிள்யூ-2 என்ற ஆண்டு ஊதிய அறிக்கைகளை அருகருகே வைத்து, 12ஆம் கட்டத்தில் டி (D) என்ற எழுத்துக்கும், ரோத் 401(கே) என்றால் ஏஏ என்ற எழுத்துக்கும் எதிரே உள்ள தொகைகளைக் கூட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இதற்கு 6 விழுக்காடு வரி இல்லை. அதைவிடக் கடுமையான ஒன்று உண்டு. வழக்கமான, வரிக்கு முன் பிடித்த 4,000 டாலருக்கு 2025இல் வரி கட்டியே ஆக வேண்டும். காலத்துக்குள் எடுக்காவிட்டால், பின்னாளில் ஓய்வுக்காலத்தில் எடுக்கும்போது அதே 4,000 டாலருக்கு இன்னொரு முறையும் வரி. காலக்கெடுவும் குறுகியது: 2026 ஏப்ரல் 15. வரித் தாக்கலுக்கு நீட்டிப்பு வாங்கியிருந்தாலும் இந்த நாள் நீளாது. அதற்குள் பணம் வெளியே வந்திருக்க வேண்டும். திட்டத்தை நடத்துவோருக்கு வேலை செய்ய நாள் வேண்டும் என்பதால், பிப்ரவரியில் டபிள்யூ-2 கைக்கு வந்ததுமே, இரண்டு திட்டங்களில் ஏதாவது ஒன்றுக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும்.

எடுத்த 4,000 டாலரை 2025ஆம் ஆண்டுப் படிவத்தில் ஊதியத்துடன் சேர்த்துக் காட்ட வேண்டும், ஏனெனில் டபிள்யூ-2இன் முதல் கட்டத்தில் அது சேர்ந்திருக்காது. அதன் வளர்ச்சி மட்டும், ஐ.ஆர்.ஏ.யில் உள்ளதற்கு மாறாக, எடுத்த ஆண்டான 2026இன் வருமானம். அடுத்த ஜனவரியில் இவற்றுக்கான 1099-ஆர் அறிக்கைகள் வரும்போது, 4,000 டாலருக்குரியதில் பி என்ற எழுத்து இருக்கும். அது ஏற்கெனவே 2025இல் காட்டிய தொகைதான், 2026இல் மறுபடியும் சேர்க்கக்கூடாது. 8 என்ற குறியீட்டுடன் வரும் வளர்ச்சித் தொகையைத்தான் 2026ஆம் ஆண்டுப் படிவத்தில் சேர்க்க வேண்டும்.

மார்ச் வாக்கில் சிலருக்கு நிறுவனத்திடமிருந்து 401(கே) பணத்தில் ஒரு பகுதி காசோலையாகத் திரும்பி வருவதுண்டு. அதிக ஊதியம் பெறுவோர் மற்றவர்களைவிட மிகுதியாகச் சேமித்துவிட்டதாகத் திட்டத்தின் ஆண்டுச் சோதனையில் தெரியவந்தால் நிறுவனமே திருப்பித் தரும் தொகை அது. அவர் தம் 23,500 டாலர் வரம்பைத் தாண்டியிருக்க வேண்டிய அவசியமில்லை. அந்தக் காசோலைக்குக் கைக்கு வந்த ஆண்டிலேயே வரி. முந்தைய ஆண்டுப் படிவத்தைத் திருத்த வேண்டியதில்லை.